ஸ்டெம் செல்லும் ஒளியும் மருந்து ஆராய்ச்சியில் எங்கே சந்திக்கின்றன?

கேள்வி: என் மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். ஒளியியலில் அவளுக்கு ஆர்வம் அதிகம். மருந்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். அது வேதியியலும் உயிரியலும் படித்தவர்களின் துறை அல்லவா? ஸ்டெம் செல்லைக் கொண்டு மருந்து கண்டுபிடிக்கிறார்கள் என்றும் சொல்கிறாள். ஸ்டெம் செல் என்றால் உடலில் ஊசி வழியே செலுத்தும் சிகிச்சை என்றுதானே விளம்பரங்களில் பார்க்கிறோம்?

பதில்:

உங்கள் மகள் இரண்டு விஷயத்திலும் சரியாகவே சொல்கிறாள். ஸ்டெம் செல் என்பது உடலின் பல வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல். அது நோயாளியின் உடலுக்குள் போகாமலேயே பெரிய பயன் ஒன்றைத் தந்துகொண்டிருக்கிறது. ஆய்வகத் தட்டில் மனித இதயத் தசையாகவும் மனித நரம்பாகவும் வளர்ந்து, ஒரு மருந்து நம்மை என்ன செய்யும் என்பதை நாம் விழுங்குவதற்கு முன்பே அது காட்டித் தருகிறது. அந்தச் செல்களுக்குள் நடப்பதை, அவற்றைக் குத்திக் கிழிக்காமல், ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் பார்க்க உதவுவது ஒளி. அங்கேதான் இயற்பியலாளர் தேவைப்படுகிறார். இதைப் பொதுப்படையாகச் சொன்னால் புரியாது. இதயத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். எனக்கு நெருக்கமான பகுதியும் அதுதான்.

1985-இல் அமெரிக்காவில் டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து விற்பனைக்கு வந்தது. தும்மலுக்கும் அரிப்புக்கும் அதுவரை இருந்த மாத்திரைகள் தூக்கத்தை வரவழைத்தன. இது வரவழைக்கவில்லை. வண்டி ஓட்டுபவரும் அலுவலகம் போகிறவரும் தயக்கமின்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் கோடிக்கணக்கானோரிடம் போய்ச் சேர்ந்தது. 1990-இல் ஒரு மருத்துவ இதழில் 39 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய குறிப்பு வெளியானது. டெர்ஃபெனடினோடு கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையையும் எடுத்துக்கொண்டிருந்த அவர் மயங்கி விழுந்தார். அவருடைய இதயத்தின் கீழறைகள் தாளம் தப்பித் தாறுமாறாகத் துடித்தன. இதேபோன்ற செய்திகள் தொடர்ந்து வந்தன, சிலர் இறந்தார்கள். எரித்ரோமைசின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தாலும் அதே ஆபத்து என்று தெரிந்தது. 1990-களின் இறுதியில் அந்த மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது.

ஏன் அப்படி நடந்தது என்பது மருந்தியலில் நான் மிகவும் மதிக்கும் துப்பறியும் கதைகளில் ஒன்று. டெர்ஃபெனடினை விழுங்கியதும் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை ஏறத்தாழ முழுவதுமாக வேறொரு மூலக்கூறாக மாற்றிவிடுகிறது. அந்த இரண்டாவது மூலக்கூறுதான் தும்மலை நிறுத்துகிறது. மூல மருந்து இரத்தத்தில் பெரும்பாலும் மிஞ்சுவதே இல்லை. கீட்டோகொனசோலும் எரித்ரோமைசினும் அந்த நொதியை முடக்குகின்றன. அப்போது மாறாத டெர்ஃபெனடின் இதயம் வரை போய்ச் சேர்கிறது. நல்லதைச் செய்தது ஒரு மூலக்கூறு, தீங்கைச் செய்தது இன்னொன்று. அந்த நல்ல மூலக்கூறைத் தனியே தயாரித்து மருந்தாக்கினார்கள். இன்று மருந்துக் கடைகளில் ஃபெக்சோஃபெனடின் என்ற பெயரில் கிடைப்பது அதுவே.

இதயத்தில் டெர்ஃபெனடின் என்ன செய்தது? ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத் தசைச் செல்லின் சுவருக்கு, அதாவது அதைச் சூழ்ந்த மெல்லிய சவ்வுக்கு, உள்ளும் புறமும் இருக்கும் மின்னழுத்தம் சட்டென்று ஏறி, சிறிது நேரம் மேலேயே நின்று, பிறகு இறங்குகிறது. இறங்குவதற்கு உள்ளிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற வேண்டும். அவை வெளியேறும் வழிகளில் முக்கியமான ஒன்றின் பெயர் ஹெர்க். அந்தப் புரதத்தின் உட்குழி அகலமானது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல மருந்துகள் அதற்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. வழி அடைபட்டால் மின்னழுத்தம் இறங்கத் தாமதமாகிறது. இசிஜி பதிவில் அது க்யூடி இடைவெளி நீள்வதாகத் தெரியும். தாமதம் கூடும்போது, செல் ஓய்வுக்குத் திரும்பும் முன்பே தவறான வேளையில் இன்னொரு மின் எழுச்சி கிளம்பலாம். அதிலிருந்துதான் உயிரைப் பறிக்கும் தாளக்கேடு தொடங்குகிறது.

ஹெர்க்கின் மரபணுவை முதலில் கால் நடுங்கும் பழ ஈக்களில் செய்த ஆராய்ச்சி வழியே தேடிப்போய்த்தான் கண்டுபிடித்தார்கள். மனிதரில் அதன் வரிசை 1994-இல் வெளியானது. அடுத்த ஆண்டே, பரம்பரையாக க்யூடி இடைவெளி நீண்டிருக்கும் குடும்பங்கள் சிலவற்றில் அதே மரபணு பழுதாகியிருப்பது தெரியவந்தது. ஈயின் கால் நடுக்கத்தை ஆராய்ந்தவர்கள் மனித இதயத்தின் திடீர் மரணத்தை விளக்கப் போகிறோம் என்று நினைத்துத் தொடங்கவில்லை. அடிப்படை ஆராய்ச்சிக்கு ஏன் பணம் என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

விலங்குகளில் சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு முறை துடிக்கிறது. அத்தனை வேகத்துக்கு ஈடுகொடுக்க அது வேறு வகைப் பொட்டாசிய வழிகளைப் பயன்படுத்துகிறது. ஹெர்க்கை நம்பி இருப்பதில்லை. ஹெர்க்கை அடைக்கும் மருந்தைச் சுண்டெலிக்குக் கொடுத்தால் அதன் இதயம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. முயலும் நாயும் மனிதருக்கு நெருக்கமானவை, ஆனால் அவையும் மனிதர் அல்ல.

2005-இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இணைந்து வகுத்த வழிகாட்டு நெறிகள் வந்தபின், ஒவ்வொரு புது மருந்தும் ஹெர்க்கை அடைக்கிறதா என்று பார்ப்பது வழக்கமானது. சந்தைக்கு வந்தபின் இந்தக் காரணத்துக்காக மருந்துகளைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய நின்றே போனது. இது பெரிய வெற்றி. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஹெர்க்கைச் சற்றுத் தொட்டாலே போதும், அந்த மூலக்கூறை நிறுவனங்கள் கைவிட்டன. வெராபமில் என்ற மருந்தைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கும் மார்வலிக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது. அது ஹெர்க்கை வலுவாகவே அடைக்கிறது. ஆனாலும் இந்தத் தாளக்கேட்டை அது உண்டாக்குவது மிக அரிது. காரணம், அது கால்சியம் உள்ளே வரும் வழியையும் சேர்த்து அடைக்கிறது. ஒன்றின் விளைவை மற்றொன்று சமன் செய்துவிடுகிறது. ஹெர்க் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் வெராபமில் இன்று இருந்திருக்காது. அப்படி எத்தனை நல்ல மருந்துகள் குப்பைக்குப் போயினவோ, எண்ணிப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

ஒற்றை வழியைச் சோதிப்பது இதயத்தைச் சோதிப்பது ஆகாது. எல்லா வழிகளும் அவற்றின் இயல்பான விகிதத்தில் இருக்கும் மனித இதயத் தசைச் செல் வேண்டும், அதுவும் நாள்தோறும், லட்சக்கணக்கில். உயிரோடிருக்கும் ஒருவரின் இதயத்திலிருந்து அதை வெட்டி எடுக்க முடியாது. எடுத்தாலும் முதிர்ந்த இதயத் தசைச் செல் ஆய்வகத்தில் பெருகாது.

வழியைத் திறந்தது ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம். ஷின்யா யமனக்கா எலும்பு அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்று, பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். கருவில் இருக்கும் ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாக வைத்திருப்பது எது என்று அவர் கேட்டார். ஐயத்துக்குரிய 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய குழுவில் இருந்த கசுடோஷி தகஹாஷி அந்த 24-ஐயும் ஒன்றாகச் சேர்த்து எலியின் தோல் செல்லுக்குள் செலுத்தினார். சில செல்கள் கருநிலைக்குத் திரும்பின. பிறகு ஒவ்வொரு மரபணுவாக விலக்கிப் பார்த்து, எது இல்லாவிட்டால் மாற்றம் நின்றுபோகிறது என்று கணக்கெடுத்தார்கள். கடைசியில் நான்கு போதும் என்று தெரிந்தது. 2006-இல் எலியில் செய்ததை 2007-இல் மனிதத் தோல் செல்லிலும் செய்து காட்டினார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சனின் குழுவும் சற்று வேறான நான்கைக் கொண்டு மனித செல்லில் இதையே சாதித்தது. 2012-இல் யமனக்காவுக்கும், 1962-லேயே தவளை முட்டையில் இதற்கு அடித்தளம் இட்ட ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிப் பின்னோக்கித் திருப்பிய செல்லை ஐபிஎஸ் செல் என்கிறார்கள். அதைத் தட்டில் வளர்த்து, வின்ட் என்ற சமிக்ஞைப் பாதையை ஓரிரு நாள் தூண்டிவிட்டு, பிறகு அதையே அடக்கினால், பெரும்பாலான செல்கள் இதயத் தசையாகத் திரும்புகின்றன. எட்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் தட்டு துடிக்கத் தொடங்கும். யாரோ ஒருவரின் கைத்தோலில் அல்லது இரத்தத்தில் இருந்த செல், இப்போது இதயமாகத் துடிக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதன் வியப்பு குறைவதில்லை.

இனி உங்கள் மகளின் பகுதி. தட்டில் துடிக்கும் செல்லுக்குள் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அளக்க வேண்டும். மரபான வழி, மயிரிழையை விட நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒரு செல்லின் சுவரில் ஒட்டி மின்னோட்டத்தை அளப்பது. இதற்காகவே 1991-இல் எர்வின் நேயருக்கும் பெர்ட் சாக்மனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. துல்லியத்தில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தேர்ந்த கையும் நிறையப் பொறுமையும் கேட்கும் வேலை; ஒரு நாளில் சில செல்களையே அளக்க முடியும். தட்டின் அடியில் மின்முனைகளைப் பதித்து அளக்கும் முறையும் உண்டு. அது வேகமானது, ஆனால் செல்லுக்கு வெளியே கசியும் சமிக்ஞையை மட்டுமே கேட்கிறது. செல்லையே தன் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளிரச் செய்து படம்பிடிப்பது மூன்றாவது வழி.

ஒளிர்வு என்றால் என்ன என்பதற்கு ஒரு பழைய மருந்திலிருந்தே தொடங்கலாம். 1852-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைனின் கரைசலைச் சூரிய நிறமாலையில் நகர்த்திப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பகுதியில் வைத்தபோது கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. உள்ளே போன ஒளியை விட வெளியே வந்த ஒளியின் அலைநீளம் அதிகம் என்று அவர் காட்டினார். மூலக்கூறு வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை அதிர்வாக இழந்துவிட்டு, மிச்சத்தை ஒளியாகத் திருப்பித் தருவதால் இது நிகழ்கிறது. இன்றைய ஒளிர்வு நுண்ணோக்கிகள் அனைத்தும் இந்த இடைவெளியை நம்பியே இயங்குகின்றன. உள்ளே அனுப்பும் ஒளியும் வெளியே வரும் ஒளியும் வேறு வேறு நிறம் என்பதால், வடிகட்டியும் நிறம் பிரிக்கும் ஆடியும் வைத்து முன்னதை முற்றாகத் தடுத்துப் பின்னதை மட்டும் கேமராவுக்கு அனுப்பலாம். இருட்டுப் பின்னணியில் செல் மட்டும் தெரியும்.

செல் சுவரில் போய் அமரும் சில சாயங்கள், அங்குள்ள மின்புலம் மாறும்போது தம் ஒளிர்வை மாற்றிக்கொள்கின்றன. கால்சியத்தைப் பற்றிக்கொண்டு ஒளிரும் சாயங்களும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றை 1985-இல் ரோஜர் சியென் உருவாக்கினார். ஜெல்லி மீன் ஒன்றின் பச்சை ஒளிர் புரதத்தை ஆராய்ந்து பல நிறங்களில் மாற்றித் தந்ததற்காக 2008-இல் ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

கேட்க எளிதாக இருக்கிறது. கடினம் எங்கே என்றால், ஒளித்துகள்களான ஃபோட்டான்களை எண்ணுவதில் இருக்கிறது. மின்னழுத்தம் ஏறும் கட்டம் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். அதைப் பிடிக்க விநாடிக்கு நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரம் படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. அதற்குள் வந்து சேரும் ஃபோட்டான்கள் கொஞ்சமே. ஃபோட்டான்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை, மழைத்துளிகள் போல எப்படியெப்படியோ விழுகின்றன. சராசரியாக 100 வந்தால் அதன் ஏற்ற இறக்கம் 10. அதாவது பத்து சதவீதம். 10,000 வந்தால் ஏற்ற இறக்கம் 100. அதாவது ஒரு சதவீதம். எண்ணிக்கையின் வர்க்கமூலமே இரைச்சல். சாயத்தின் ஒளிர்வு மாற்றமே சில சதவீதம்தான் என்றால், 100 ஃபோட்டான்களை வைத்துக்கொண்டு எதையும் பார்க்க முடியாது. இந்த இரைச்சலை எந்த விலையுயர்ந்த கேமராவும் போக்காது. அது கருவியின் குறை அல்ல, ஒளியின் இயல்பு.

சரி, விளக்கைக் கூட்டினால்? சாயம் வேகமாக வெளிறிப்போகும். அதோடு, கிளர்ச்சியடைந்த சாயம் ஆக்சிஜனோடு வினைபுரிந்து செல்லைத் தாக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. துடிப்பு தடுமாறுகிறது. அப்போது நாம் பார்ப்பது மருந்தின் தீங்கா, நம் விளக்கின் தீங்கா? நான் பார்த்த அளவில், இந்தத் துறைக்குப் புதிதாக வரும் உயிரியலாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தட்டில் மருந்தே போடாத குழிகளிலும் அதே ஒளியைப் பாய்ச்சி ஒப்பிட்டுப் பார்க்காத முடிவை நம்பக் கூடாது. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம், எந்த அலைநீளம், எந்த லென்ஸ், ஒரே கட்டத்தில் எத்தனை செல்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பது ஆகிய எல்லாமே ஒன்றையொன்று இழுக்கும் பேரங்கள். இந்தப் பேரத்தைக் கணக்குப் போட்டு நடத்தத் தெரிந்தவர், ஒளியியலும் புள்ளியியலும் படித்தவர்.

இன்னும் அழகான ஒரு வழி உண்டு. கிளமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியிடம், நீல ஒளி பட்டால் திறந்து அயனிகளை உள்ளே விடும் புரதம் இருக்கிறது. 2002, 2003 ஆண்டுகளில் ஜெர்மனியில் பீட்டர் ஹெகெமன், கெயோர்க் நாகெல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் அதன் இயல்பை வெளிப்படுத்தினார்கள். சாக்கடலின் உப்பு நீரில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிடம், சுவரின் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளிரக்கூடிய வேறொரு புரதம் இருக்கிறது. அது சிவப்பு ஒளியை வாங்கி அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைத் தருகிறது. ஹார்வர்டில் ஆடம் கோஹனின் குழு 2014-இல் இந்த இரண்டு வகைப் புரதங்களின் மேம்படுத்திய வடிவங்களை ஒரே செல்லில் வைத்தது. நீல ஒளியால் செல்லைத் தூண்டலாம். சிவப்பு ஒளியால் அதன் பதிலைப் படிக்கலாம். கம்பியும் இல்லை, ஊசியும் இல்லை. இரண்டு நிறங்களும் ஒன்றில் ஒன்று குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை. சிவப்புப் புரதம் மிக மங்கலாகவே ஒளிரும் என்பதால் வலுவான லேசர் வேண்டும். மறுபடியும் ஃபோட்டான் கணக்கு வந்து நிற்கும்.

தட்டையான படலமாக வளரும் செல்களுக்கு இது போதும். இப்போது பலரும் முப்பரிமாணத் திசுக்களை வளர்க்கிறார்கள். அரை மில்லி மீட்டர் தடிப்புள்ள திசுவுக்குள் சாதாரண ஒளி சிதறிவிடும், படம் கலங்கிவிடும். அதற்கான விடையை மரியா கெப்பர்ட்-மாயர் 1931-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் எழுதி வைத்திருந்தார்: ஒரு மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களை ஒரே சமயத்தில் விழுங்க முடியும். அதற்கு மிக அடர்த்தியான ஒளி வேண்டும் என்பதால் லேசர் பிறக்கும் வரை யாரும் அதைக் கண்ணால் காணவில்லை. 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டென்க், ஸ்டிரிக்லர், வெப் மூவரும் அதை நுண்ணோக்கியாக்கினார்கள். அகச்சிவப்பு ஒளி ஆழமாகப் போகிறது. லென்ஸின் குவியப் புள்ளியில் மட்டும் இரண்டு ஃபோட்டான்கள் சேர்கின்றன. வேறெங்கும் ஒளிர்வு இல்லை. கெப்பர்ட்-மாயர் வேறொரு பணிக்காக, அணுக்கருவின் கூடு அமைப்புக்காக, 1963-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய 1931-ஆம் ஆண்டுக் கணக்கு உயிரியலாளர்களின் கருவியாக மாற அறுபது ஆண்டுகள் ஆயின.

சாயமே வேண்டாம் என்ற வழியும் உண்டு. சாயமும் ஒரு வேதிப்பொருள்தானே. அதுவே செல்லைத் தொந்தரவு செய்யலாம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல், மூலக்கூறின் பிணைப்புகள் எப்படி அதிர்கின்றன என்பதைச் சொல்கிறது. அந்தச் சமிக்ஞை மிகமிக மெலிது. இரண்டு லேசர்களைச் சேர்த்துத் தூண்டி அதை வலுப்படுத்தும் நுண்ணோக்கியை 2008-இல் சன்னி சியேயின் ஹார்வர்டு குழு வெளியிட்டது. செல்லுக்குள் கொழுப்பு எங்கே இருக்கிறது, சில மருந்துகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைச் சாயமின்றிப் பார்க்க அது பயன்படுகிறது. உங்கள் மகளுக்கு ஒளியியலில் ஆர்வம் என்றால் அவள் விரும்பிப் படிக்கக்கூடிய பகுதி இது.

இவ்வளவும் சேர்ந்து என்ன பலன் தந்தது? 2018-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வெளியானது. பத்து ஆய்வகங்கள், ஆபத்தின் அளவு முன்பே தெரிந்த 28 மருந்துகள், ஐபிஎஸ் வழி வந்த இதயச் செல்கள். சில ஆய்வகங்கள் மின்முனைகளால் அளந்தன, சில மின்னழுத்தச் சாயத்தின் ஒளியால் அளந்தன. மருந்துகளை ஆபத்தின் அளவுப்படி பிரிப்பதில் செல்கள் நன்றாகவே செயல்பட்டன. வெவ்வேறு ஆய்வகங்களின் முடிவுகளும் பெருமளவு ஒத்துப்போயின. பிழையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தச் செல்கள் இன்னும் கருவில் இருக்கும் குழந்தையின் இதயச் செல்லை ஒத்தவை. முதிர்ந்த இதயத்தின் கீழறைச் செல் யாரும் தூண்டாமல் தானாகத் துடிக்காது, இவை துடிக்கின்றன. முதிர்ந்த செல்லின் சுவர் உள்நோக்கி மடிந்து குழாய்களாக ஓடும். இவற்றில் அது சரியாக உருவாவதில்லை. பலரும் இவற்றை முதிரவைக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். சட்டமும் மெல்ல அசைகிறது. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிபந்தனையை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. இந்தியாவும் 2023-இல் விதிகளைத் திருத்தி, செல் வழிச் சோதனைகளுக்கு இடம் தந்தது.

இதுவரை சொன்னது தீங்கைத் தவிர்ப்பது பற்றி. மருந்தையே கண்டுபிடிக்க முடியுமா? ஏஎல்எஸ் என்ற நோயில் தசையை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. பெரும்பாலானோர் சில ஆண்டுகளில் மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் ஹிடேயுகி ஒகானோவின் குழு, நோயாளிகளின் செல்லிலிருந்து நரம்புச் செல்களை வளர்த்து, ஏற்கெனவே உள்ள 1,232 மருந்துப் பொருள்களை அவற்றின் மீது சோதித்தது. நரம்பிழைகள் சுருங்குகின்றனவா, செல்கள் மடிகின்றனவா, புரதங்கள் தவறான இடத்தில் திரள்கின்றனவா என்று பார்த்தார்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் ரோபினிரோல் முன்னணியில் வந்தது. 2018-இல் அந்த முடிவு வெளியானது. இருபது நோயாளிகளிடம் செய்த சிறு சோதனையின் முடிவு 2023-இல் வெளியாகி, நோய் முன்னேறுவது ஏறத்தாழ 28 வாரம் தள்ளிப்போனதாகக் காட்டியது. இருபது பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பெரிய சோதனை வேண்டும். ஆனால் ஒரு நோயாளியின் செல்லில் தொடங்கிய தேடல் நோயாளிகளிடமே திரும்பிப்போய்ச் சோதிக்கப்பட்டது என்பது சிறிய விஷயம் அல்ல.

இனி விளம்பரங்கள். இங்கே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இரத்தம் தொடர்பான நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை போன்றவற்றிலிருந்து எடுத்த இரத்த ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்துவதே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவை ஆராய்ச்சி நிலையில் இருப்பவை. அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே அவற்றைச் செய்யலாம். சோதனையில் சேரும் நோயாளியிடம் அதற்காகக் கட்டணம் வாங்குவது முறை அல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், முதுகுத்தண்டு முறிவு என்று தவித்து நிற்கும் குடும்பங்களிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஊசி போடும் இடங்களைப் பற்றி எனக்குக் கடும் கோபம் உண்டு. அந்தப் பெற்றோரின் நம்பிக்கையைக் காசாக்குகிறார்கள். உங்கள் உறவில் யாரேனும் அப்படிப் போக நினைத்தால், அந்தச் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரே சான்று. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், இரத்தம் எளிதில் உறையாத நோயான ஹீமோஃபீலியா கடுமையாக உள்ள ஐந்து பேரின் சொந்த இரத்த ஸ்டெம் செல்லில், அவர்களிடம் இல்லாத உறைதல் காரணியின் மரபணுவைச் சேர்த்து உடலுக்குள் திருப்பிச் செலுத்தினார்கள். முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. சிகிச்சை பலன் தரத் தொடங்கியபின், கண்காணித்த காலம் முழுவதும் அவர்களுக்கு இரத்தக் கசிவு நின்றிருந்தது. ஐந்து பேர், நெறிமுறைக் குழுவின் அனுமதி, தொடர்ந்த கண்காணிப்பு, எல்லாரும் படித்துச் சரிபார்க்கும்படி வெளியிடப்பட்ட தரவு. விளம்பரத்தில் வரும் சிகிச்சைகளிடம் இவற்றுள் எத்தனை இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மகளுக்கு என் யோசனை இது. இயற்பியலை விட்டுவிட்டு உயிரியலுக்குத் தாவ வேண்டாம். ஒளியியலில் ஃபூரியர் முறை, இரைச்சலின் புள்ளியியல், படங்களைக் கணினியில் பகுத்தாய்வது ஆகிய மூன்றையும் ஆழமாகக் கற்கட்டும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தட்டு செல்லை நுண்ணோக்கி முழுவதுமாகப் படம்பிடித்தால் ஆயிரக்கணக்கான படங்கள் வரும்; அவற்றை மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அதோடு செல் உயிரியல் பாடம் ஒன்றை விருப்பப் பாடமாக எடுத்து, செல்லைக் கெடாமல் வளர்க்கும் பயிற்சியையும் பெற வேண்டும். செல்லைத் தொட்டு வளர்த்த அனுபவம் இல்லாத இயற்பியலாளர், செல்லால் தாங்க முடியாத ஒளியைக் கேட்கும் கருவியைக் கட்டிவிடுவார்.

பெங்களூரில் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான இன்ஸ்டெம் நிறுவனமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ராமன் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திலும் ஒளி பற்றிய ஆய்வுக்குழுக்கள் உண்டு. வேலூரில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் உடனிருந்து வேலை செய்யலாம். விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே கேட்பார்கள் என்பதால் இப்போதே அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் எந்தத் துறை என்று கேட்கும் இடத்தில் இயற்பியல் என்றே குறிப்பிடலாம். எந்த வகை நுண்ணோக்கியில் வேலை செய்ய விருப்பம், எந்தச் செல்லில் எதை அளக்க ஆசை என்று தன் சொந்தச் சொற்களில் அவள் எழுதட்டும். தேர்ந்தெடுப்பவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.